கோட்டுக்கு வெளியே அடித்திருந்த முளை

தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சாமிகள் தீர்த்தவாரி முடிந்து ஊர் திரும்பிய அன்று இரவு, கடலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி நடந்தது. அதில் ஆடிய பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு வலது கால் முட்டிக்கு மேலே எடுக்கும்படி ஆகிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. அந்த வழக்கை நான்தான் நடத்தினேன்.

பையன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதப்போவதில்லை. விழாக் குழுவையும் அடையாளம் காட்டப்போவதில்லை. வழக்கில் எழுந்த கேள்விகளை மட்டும் முழுசாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி அடிபட்டவர்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது, “விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்.” அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டத்தான் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் எங்களுக்கு அவ்வளவு நாள் ஆயிற்று.

நடந்தது

திடலைத் தயார் செய்த விதத்தில் குழுவைக் குறை சொல்ல முடியாது. நாலு நாள் பாடுபட்டிருக்கிறார்கள். செம்மண் கொட்டி, சலித்து, மரத்தூள் கலந்து, தண்ணீர் தெளித்து மிதித்து வைத்திருந்தார்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு உண்டான 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தைச் சரியாக அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இரவு ஆட்டம் என்பதால் நாலு மூலையிலும் சவுக்குக் கம்பம் நட்டு போகஸ் லைட் கட்டினார்கள். காற்றில் கம்பம் சாயாமல் இருக்க ஒவ்வொன்றிலிருந்தும் கயிறு இழுத்து, ஆங்கிள் இரும்புத் துண்டை முளையாக அடித்து அதில் கட்டியிருந்தார்கள். மூன்று முளைகள் நன்றாகத் தள்ளி இருந்தன. நாலாவது பக்கம் வாய்க்கால். அதனால் அந்தக் கயிற்றை மட்டும் உள்பக்கமாக இழுத்துவிட்டார்கள். அந்த முளை பக்கக் கோட்டிலிருந்து ஒன்றே முக்கால் அடியில், தரைக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையில் மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். இந்த மஞ்சள் துணி பின்னால் பெரிய விஷயமாயிற்று.

இரண்டாம் பாதியில் பையன் பாடிக்கொண்டு போனான். இடது மூலையில் நின்றவன் கணுக்காலைப் பிடித்தான். இவன் உதறிக்கொண்டு திரும்பினான். கவர் என்ற இடத்தில் நின்றவன் தோளால் இடித்து ஒரு டேஷ் கொடுத்தான். மூன்று பேருமாகக் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தார்கள். பையனின் வலது முட்டி அந்த முளையில் மோதியது. பார்வையாளர் ஒருவர் செல்போனில் எடுத்த காணொளியில் மோதிய சத்தம் கேட்காது. மைக் செட்டில் வர்ணனை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பது தெரியும்.

மணி ஒன்பதே கால். “முட்டி பிசகியிருக்கு, இழுத்துவிட்டா சரியாயிடும்” என்றார் குழுவில் ஒருவர். 108-ஐ யாரும் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் ஃபைனல் நின்றுபோகும் என்ற பயம். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் பையனை உட்காரவைத்து, கால் தொங்கத் தொங்க, பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோனார்கள். அவர் இழுத்துவிட்டு, எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். பத்தரை மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

பையனின் அம்மாவுக்கு முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை. என் அலுவலகத்துக்கு முதல் தடவை வந்தபோது கையை முந்தானைக்குள் வைத்தபடியே பேசினார். காகிதத்தில் கையெழுத்துப் போடத்தான் வெளியே எடுத்தார். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகையே தேய்ந்திருந்தது. அந்த இரவைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் பார்த்தேன் சார். கால் விரலைத் தொட்டா பானைத் தண்ணி மாதிரி சில்லுனு இருந்துச்சு. வலிக்குதாடான்னேன். இப்ப வலிக்கலம்மா, மரத்துப்போச்சுன்னான். வலி விட்டுடுச்சேன்னு நிம்மதியா படுத்துட்டேன் சார்.”

முட்டி மூட்டு நழுவும்போது அதன் பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாய் நசுங்கவோ கிழியவோ கூடும். அதற்குக் கீழே ரத்தம் போகாது. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் பெரும்பாலும் காலைக் காப்பாற்றலாம். அதற்குமேல் போகப் போகத் தசை சாக ஆரம்பிக்கும். சில்லிட்டுப் போவதும் மரத்துப் போவதும் அதற்கான அறிகுறிகள். வலி விட்டது என்று அந்தத் தாய் நிம்மதி அடைந்த நேரத்தில் கால் செத்துக்கொண்டிருந்தது. விடியற்காலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்த உடனே புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது அடிபட்டு பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது.

பையன் எதற்கு ஒப்புக்கொண்டான்

ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் தீங்கியல் சட்டத்தில் பழைய கோட்பாடு ஒன்று உண்டு. வோலென்டி நான் ஃபிட் இன்ஜூரியா. இசைந்து போனவன் தனக்குத் தீங்கு நேர்ந்தது என்று வழக்குப் போட முடியாது என்பது பொருள். விளையாட்டு வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது இதைத்தான். எங்கள் வழக்கிலும் எதிர் உரையின் மூன்றாவது பத்தியிலேயே வந்துவிட்டது.

நம் குற்றவியல் சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 25-வது பிரிவு. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணமே விளையாட்டுதான்: இரண்டு பேர் பொழுதுபோக்காக வாள்வீச்சு ஆட ஒப்புக்கொள்கிறார்கள், முறைகேடு இல்லாமல் ஆடும்போது ஒருவர் மற்றவரைக் காயப்படுத்தினால் அது குற்றமாகாது. இந்தப் பிரிவில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, முறையாக ஆட வேண்டும். இன்னொன்று, இசைவு கொடுத்தவருக்குப் பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும். எங்கள் பையனுக்குப் பதினாறு.

அதற்காக, கணுக்காலைப் பிடித்தவன்மேலும் டேஷ் கொடுத்தவன்மேலும் வழக்குப் போடலாமா? உறவினர்கள் அதைத்தான் கேட்டார்கள். பையன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “அவன் பிடிச்சது நல்ல பிடி சார். நானா இருந்தாலும் அப்படித்தான் பிடிச்சிருப்பேன்” என்றான்.

அவன் சொன்னது சட்டப்படியும் சரி. இங்கிலாந்தில் 1985-ல் முடிவான காண்டன் எதிர் பாஸி வழக்கில், உள்ளூர் கால்பந்து லீக் ஆட்டம் ஒன்றில் பந்து போன பிறகு காலை உயர்த்திச் சறுக்கி வந்து எதிராளியின் காலை முறித்தவர் 4,900 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. நடுவர் அவரை அப்போதே வெளியேற்றியிருந்தார். விதியை மீறினாலே வழக்கு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆட்டத்தின் சூடு, ஒரு நொடியில் எடுக்கிற முடிவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், சக ஆட்டக்காரரைப் பற்றிய அக்கறையே இல்லாமல் ஆடியிருந்தால்தான் பொறுப்பு. கபடியில் பாடுகிறவனின் வாயையோ கழுத்தையோ அழுத்தி மூச்சை நிறுத்துவது ஃபவுல். காலைக் கத்தரிபோல் போட்டுப் பிடிப்பதும் ஃபவுல். காயப்படுத்தும் மூர்க்கமான பிடியும் ஃபவுல். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் எதுவுமே இல்லை. சுத்தமான ஆட்டம்.

அப்படியானால் யார்மீதுமே தவறு இல்லாத விபத்தும் உண்டா? உண்டு. 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் பவுன்சர் கழுத்தில் பட்டு ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் இறந்தார். 2016-ல் அங்குள்ள மரண விசாரணை அதிகாரி, யார்மீதும் குற்றமில்லை என்றுதான் முடிவு செய்தார். நம் பக்கத்திலும், 2022 ஜூலையில் பண்ருட்டிக்கு அருகே மானடிக்குப்பத்தில் பாடிப் போன இளைஞர் ஒருவர் களத்திலேயே சரிந்து இறந்தார். ஒரு மரணமோ ஊனமோ நடந்துவிட்டது என்பதற்காகவே யாரோ ஒருவர் பொறுப்பு என்று ஆகிவிடாது. இதை வழக்கறிஞர்கள் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நானும் சொன்னேன்.

ஆனால் பிடி காலை எடுக்கவில்லை, டேஷும் எடுக்கவில்லை. எடுத்தது இரும்பு. அந்த இரும்பு ஆட்டத்தின் பாகமே இல்லை.

இதை நீதிபதிக்கு விளங்கவைக்கக் கபடியின் விதிகளே போதுமானதாக இருந்தன. பிடித்தவர்களும் பிடிபட்டவரும் கோட்டைத் தாண்டி விழுவது இந்த ஆட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடப்பது. டேஷ் கொடுப்பதே ஆளைக் கோட்டுக்கு வெளியே தள்ளத்தான். சுண்ணாம்புக் கோடு புள்ளியைத் தீர்மானிக்கும். ஓடி வருகிற உடம்பை நிறுத்தாது. அவுட் ஆனவர்கள் உட்காரும் கட்டத்தையே கடைசிக் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளிப் போடச் சொல்கிறது விதி. உட்கார்ந்திருக்கும் ஆளுக்கே அவ்வளவு தூரம் என்றால், இரும்பு முளைக்கு ஒன்றே முக்கால் அடி எப்படிப் போதும்? குழுச் செயலாளரிடம் குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டேன். அவரும் பழைய ஆட்டக்காரர். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அந்தப் பக்கம் வாய்க்கால் சார், வேற வழியில்ல” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

மஞ்சள் துணி

அவர்கள் தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். முளை தெரியும்படிதான் இருந்தது, மஞ்சள் துணி சுற்றியிருந்தது, பையன் அதே திடலில் அன்று ஏற்கெனவே இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறான், தெரிந்தேதான் இறங்கினான் என்று வாதிட்டார்.

தெரிந்திருப்பது வேறு, இசைவது வேறு. 1891-லேயே, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில் இதைத் தீர்த்து வைத்தது. தலைக்கு மேலே கிரேனில் கல் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரியும். தெரிந்தும் கீழே நின்று வேலை செய்தார், கல் விழுந்தது. ஆபத்து தெரிந்திருந்தது என்பதாலேயே அதை ஏற்றுக்கொண்டார் என்று ஆகாது என்று தீர்ப்பாயிற்று. இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தீங்கியலில் நமக்கென்று எழுதப்பட்ட சட்டம் இல்லாததால் இன்றைக்கும் அவற்றை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அது மட்டுமில்லை. மஞ்சள் துணியை நான் அவர்களுக்கு எதிராகவே திருப்பினேன். யார் சுற்றினார்கள், ஏன் சுற்றினார்கள்? இது யார் காலிலாவது பட்டுவிடும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவு தூரம் யோசித்தவர்களுக்கு அந்த முளையைப் பிடுங்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். தென்னை மரத்தில் கயிற்றைக் கட்டியிருக்கலாம். ஆபத்து தெரிந்தது, தவிர்க்கச் செலவு இல்லை, தவிர்க்கவில்லை. கவனக்குறைவுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்கு எந்த வழக்கிலும் கிடைத்ததில்லை.

படிவத்தில் போட்ட கையெழுத்து

நுழைவுப் படிவத்தின் அடியில் ஒரு வரி: ‘ஆட்டத்தில் ஏற்படும் எந்தக் காயத்துக்கும் விழாக் குழு பொறுப்பல்ல.’ அணியினர் பெயர்கள் வரிசையாக இருந்தன. ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற கட்டத்தில் எல்லாப் பெயருக்கும் நேராக ஒரே கையெழுத்து. அணித் தலைவனுடையது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

இந்த வாதம் நிற்கவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 11-வது பிரிவின்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். மைனரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903-ல் மோஹரி பீவி வழக்கில், அன்றைக்கு நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. பெற்றவளே கையெழுத்துப் போட்டிருந்தாலும், மகனுடைய வழக்குரிமையை அவர் இப்படி எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதுதான் என் வாதம். ஆடுகிறவர் வயது வந்தவராக இருந்தால் கேள்வி கொஞ்சம் கடினமாகும். அப்போதும் ‘ஆட்டத்தில் ஏற்படும் காயம்’ என்ற சொற்களுக்குள் இரும்பு முளை வருமா என்று கேட்க இடம் இருக்கிறது. பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்ற 23-வது பிரிவும் இருக்கிறது.

சிறு பிள்ளைகள் விஷயத்தில் நீதிமன்றங்கள் கூடுதல் அக்கறை காட்டுவதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. 1991-ல் இங்கிலாந்தில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் ரக்பி ஆட்டத்தில், இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் திரும்பத் திரும்பச் சரிந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. ஸ்மோல்டன் வழக்கு என்பார்கள். நடுவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. ரக்பியின் சாதாரண அபாயங்களுக்குப் பையன் இசைந்தான். பாதுகாப்புக்காக இருக்கிற விதியை நடுவர் அமல்படுத்தத் தவறுவதற்கு இசையவில்லை என்பதுதான் அதன் சாரம். நம் உச்ச நீதிமன்றமும் 2001-ல் எம்.எஸ். கிரேவால் வழக்கில், சுற்றுலா போன இடத்தில் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த 14 பள்ளி மாணவர்களுக்காகத் தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வழக்கில் நடுவரைச் சேர்க்கவில்லை. அவரும் முளையைப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு அவர் ஒருவகையில் மாமன் முறை, வேண்டாம் என்றுவிட்டார்.

பைக்கில் போன நேரம்

எனக்கு இந்த வழக்கிலேயே மனசு கனத்த இடம் அடிபட்ட பிறகு நடந்ததுதான்.

1991 செப்டம்பர் 21. லண்டனில் மைக்கேல் வாட்சனும் கிறிஸ் யூபாங்கும் மோதிய குத்துச்சண்டை. பன்னிரண்டாவது சுற்றில் நடுவர் நிறுத்தினார். வாட்சன் சரிந்தார், மூளையில் ரத்தக் கசிவு. மருத்துவர் வந்து பார்க்க ஏழு நிமிடம் ஆனது. வளையத்தின் அருகே மூச்சு மீட்பு வசதி இல்லை. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவு இல்லை. நாற்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். தலையில் குத்து வாங்கத்தானே குத்துச்சண்டைக்குப் போகிறார்கள், இதைவிட வெளிப்படையான இசைவு எந்த ஆட்டத்தில் இருக்கிறது? ஆனாலும் அவர் யூபாங்க்மீது வழக்குப் போடவில்லை. பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின்மீது போட்டார். குத்துக்கு நான் இசைந்தேன், குத்து விழுந்த பிறகு கவனிப்பாரில்லாமல் கிடக்க இசையவில்லை என்பது வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் வாரியமே பொறுப்பு என்றது. கடைசியில் 4 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் ஆயிற்று. 2003-ல் அதே வாட்சன் லண்டன் மாரத்தான் தூரத்தை ஆறு நாளில் நடந்தே முடித்தார். அந்தத் தீர்ப்பை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஹியூஸ் விசாரணையிலும் ஆம்புலன்ஸ் தாமதம் பேசப்பட்டது. ஆனால் அந்தக் காயத்தில் உயிர் பிழைக்க வழியே இல்லை, தாமதத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று முடிவாயிற்று. எங்கள் பையன் விஷயம் நேர் எதிர். இரும்பு பட்ட காலைக் கடைசியில் எடுக்கும்படி செய்தது தாமதம்தான். புதுச்சேரியில் அறுவை செய்த மருத்துவர் சாட்சிக் கூண்டில் அதைத் தெளிவாகச் சொன்னார்.

இதில் எங்கள் பக்கம் ஒரு பலவீனமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பத்தரை மணிக்குப் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகு விடியும்வரை வைத்திருந்தது வீட்டார். எதிர்த்தரப்பு அம்மாவைக் கூண்டில் நிற்கவைத்து, “ரெண்டு மணிக்குக் கால் சில்லுனு இருந்ததைப் பார்த்தீங்களா இல்லையா?” என்று கேட்டது. பார்த்தேன் என்றார். “அப்புறமும் தூங்கினீங்களா?” என்றபோது நீதிபதியே கையை உயர்த்திப் போதும் என்றார். ஆனாலும் கேள்வி பதிவாகிவிட்டது. ‘பிசகுதான், காலையில் சரியாயிடும்’ என்று குழுவினர் சொல்லிவிட்டுப் போனதை நம்பித்தான் படுத்தார் என்று நான் வாதிட்டேன். நீதிமன்றம் தாமதத்தில் ஒரு பங்கை வீட்டார்மேல் போட்டிருக்கக்கூடும். சமரசத்துக்கு நான் ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

காகிதங்கள்

இது தொழில் செய்கிறவர்களுக்காகவும், இந்த நிலைமையில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்காகவும்.

அரசு மருத்துவமனையில் போடுகிற விபத்துப் பதிவேட்டின் நகல், நாங்கள் ஏ.ஆர். காப்பி என்போம், இந்த மாதிரி வழக்குகளின் உயிர்நாடி. எங்கள் ஏ.ஆர். காப்பியில் ‘இரு சக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்ததாக’ என்று இருந்தது. கூட வந்த குழு ஆள் மருத்துவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். சொன்னதை அவர் எழுதினார். அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கும், புகார் வந்தது என்று கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதோடு சரி. அந்த ஒரு வரியைத் துடைக்க எங்களுக்குக் காணொளிதான் கைகொடுத்தது. மின்னணுச் சாட்சியம் என்பதால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 63. படம் எடுத்த இளைஞர் பயந்துகொண்டே வந்து கையெழுத்துப் போட்டார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆகையால் அடிபட்டவரைச் சேர்க்கும்போதே எப்படி அடிபட்டது என்று எழுதுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

அடுத்து, யார்மேல் வழக்குப் போடுவது? விழாக் குழு பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் சங்கத்தின்மேல் போடலாம். இது பதிவு பெறாதது. ஆனால் போட்டி நோட்டீஸ் அடித்திருந்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், நன்கொடையாளர் என்று வண்ணப் படத்தோடு வரிசையாகப் பெயர். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒன்றைப் பையனின் தங்கை கிழிக்காமல் தண்ணீர் தெளித்துப் பெயர்த்தெடுத்து வந்தாள். பிரதிவாதிகளின் பட்டியல் அதிலிருந்துதான் தயாரானது.

காலவரம்பில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு வருஷம், உரிமையியல் வழக்கு என்றால் பொதுவாக மூன்று வருஷம். மைனருக்குப் பதினெட்டு வயது ஆன பிறகுதான் அந்தக் காலம் ஓடத் தொடங்கும் என்கிறது காலவரையறைச் சட்டம் 6-வது பிரிவு. ஆனால் சாட்சிகள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். பணம் இல்லை என்று தயங்கவும் வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டாலே போதும்.

ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. தடுப்பு வேலி, வீரர்களுக்கு உடல் பரிசோதனை, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் எல்லாம் பார்த்த பிறகுதான் வாடிவாசல் திறக்கிறது. பண்டிகைக்குப் பண்டிகை ஊருக்கு ஊர் நடக்கிற கபடிக்கும் அந்த அக்கறையில் கால்வாசியாவது காட்ட வேண்டும் என்று இந்த வழக்குக்குப் பிறகு சந்தித்த அதிகாரிகள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

முடிந்த விதம்

இழப்பீட்டைக் கணக்கிட மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்புகளைத்தான் வழிகாட்டியாக வைத்தோம். ராஜ்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மருத்துவர் எழுதித் தரும் ஊனச் சதவீதத்தைவிட அந்த ஊனம் அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதுதான் கணக்கு. வருஷ வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற பெருக்கெண் அவன் வயதுக்கு 18. கபடியில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம் என்று கனவு கண்டவன். அந்தக் கனவுக்கு எந்தத் தீர்ப்பிலும் பெருக்கெண் இல்லை.

சாட்சி விசாரணை முடியும் தறுவாயில் செயலாளர் நேராக என்னிடம் வந்தார். “வக்கீல் சார், எங்க ஊர்ப் பையன்தான் அவன். நாங்க என்ன எதிரியா?” என்றார். சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் உட்கார்ந்தோம். மைனருக்காகச் சமரசம் செய்வதென்றால் அது அவன் நன்மைக்குத்தான் என்று நீதிமன்றம் பார்த்து அனுமதிக்க வேண்டும், அனுமதித்தது. தொகையை வெளியே சொல்வதில்லை என்று இரு தரப்பும் பேசிக்கொண்டோம். கேட்டதைவிடக் குறைவு, நான் பயந்ததைவிட அதிகம். பெரும்பகுதியைத் தேசிய வங்கியில் அவன் பெயரில் வைப்பாகப் போட்டு, வட்டியை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மா எடுத்துக்கொள்ள உத்தரவானது.

வளர்கிற வயது என்பதால் செயற்கைக் காலின் குழி ஒவ்வொரு தடவையும் இறுக்கமாகிக்கொண்டே வந்தது. தோல் உரிந்து புண்ணாகும். பதினெட்டு முடிந்த மாதமே வங்கிக்குப் போய் வைப்பை எடுத்தான். புதுச்சேரி போய்ப் புதுக் காலுக்கு அளவு கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் மஞ்சக்குப்பத்தில் இறங்கி என் அலுவலகத்துக்கு வந்தான். படியேறி வந்த சத்தத்தில் அவன்தான் என்று எனக்குத் தெரியவில்லை.